செவ்வாய்க்கிழமைக் கல்யாணம்

— மறுபடியும் உன்னைக் கட்டிக்கணுமா? யோவ் கில்தார்தோ, எந்திரி மொதல்ல—

— கத்தாத அம்பாரோ, முழுசா கேளு—

— பெரெய்ரா ஊருக்கு அந்த பியூட்டி பார்லர்காரி பின்னாடி ஓடின ஆளு, இப்ப என் அடுப்படியில வந்து கல்யாணம் பேசுறே!

— அவதான் என்னைத் தொரத்திட்டாளே... விடு. அரசாங்க மருத்துவக் காப்பீட்டுக்கு மேல, தனியா ஒண்ணு கட்டிட்டு வர்றேன்ல? அதை உன் பேருக்கு மாத்தணும்.

— மாத்திட்டுப் போயேன். அதுக்கு எதுக்கு மாப்பிள்ளை வேசம்?

— பொண்டாட்டி பேருக்குன்னாதான் மாத்துவாங்களாம். நம்ம வயசுல புதுசாவும் சேர்க்க மாட்டாங்க.

— சர்ச் சாமியார் கணக்குல நான் இன்னும் உன் பொண்டாட்டிதான். பூசைக்குப் போனாலே ஞாபகப்படுத்துறாரு, பாவி மனுசன்.

— கம்பெனிக்கு நோட்டரி முத்திரை வேணுமே. நோட்டரிகிட்டதான் விவாகரத்து எழுதிப் பிரிஞ்சோம்... அவர்கிட்டயே போய்ச் சேர்ந்துட்டு வந்துடலாம். நாளைக்கே.

— நாளைக்கு செவ்வாய்! செவ்வாய்ல கல்யாணமும் ஆகாது, கப்பலேறவும் ஆகாது. உங்கம்மா சொன்னதுதான்.

— அம்மா மன்னிச்சுப்பா.

— எனக்கெதுக்கு காப்பீடு, எனக்கென்ன கேடு? குதிரையாட்டம் இருக்கேன். ஆமா... அந்தப் பன்றித்தோல் வறுவலை இப்படி அள்ளுறியே? உன் ஈரலுக்கு எண்ணெய் வாசமே ஆகாதுன்னாங்களே?

— பேச்சை மாத்தாத. குதிரைன்னா, அரெபா ரொட்டிக்கு மாவை ஏன் ஒத்தைக் கையால பிசையுற?

— ...சுளுக்கு.

— மார்ல கட்டின்னு உன் தங்கச்சி நூபியா சொல்லிட்டா. அரசாங்க ஆஸ்பத்திரில ஸ்கேனுக்கு அடுத்த வருசம் வரச் சொன்னாங்களாமே?

— அவ நாக்குல சூடு வைக்க!

— இதுல சேர்ந்தா அடுத்த வாரமே பார்ப்பாங்க. வா அம்பாரோ...

— பேரை மாத்திட்டா உனக்கு இல்லாமப் போயிடுமே. உன் ஈரல் வைத்தியம்?

— அது... முடிஞ்சு போச்சு.

— நெசமாவா? நல்லாயிடுச்சா?

— ம்.

— சொல்லவே இல்லையே, திருட்டுக் கிழவா! ...சரி, வர்றேன். ஆனா புதன்கிழமை வச்சுக்க.

— செவ்வாயே இருக்கட்டும்.

— அப்படி என்னய்யா அவசரம்? பந்தலா போடணும்? ...சரி, சரி. செவ்வாயே. ஆனா ஒண்ணு, பொண்டாட்டின்னு ஆயிட்டா அந்த வறுவலைத் தொட விட மாட்டேன். குடு தட்டை.

— இருக்கட்டும் அம்பாரோ... இனிமே ஆசைப்பட்டதெல்லாம் சாப்பிடுன்னு டாக்டரே சொல்லிட்டாரு.