நாய்க்குக் கரண்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், ஆரணியிலிருந்து வேலூர் போகும் பேருந்தில் முன் இருக்கைப் பெண் தன் கணவரிடம், "நாய்க்குக் கரண்டு வெப்பாங்களான்னு கேளுங்களேன்" என்றாள். கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். என் மகளுக்கு மறுநாளிலிருந்து தலையில் அதைத் தொடங்குவதாக இருந்தது. என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கணவரின் கழுத்தில், கரண்டு வைக்கும் இடத்தைக் காட்ட மருத்துவமனையில் போட்ட ஊதா மைக்கோடு தெரிந்தது.

"எனக்கு வெக்கிற எடத்துல நாய்க்குக் கேக்கச் சொல்றியா?"

"மாட்டு டாக்டருதான சொன்னாரு? ராஜாவுக்கு மண்டையில கட்டி, வெளிநாட்டுல நாய்க்கும் கரண்டு வெக்கிறாங்கன்னு. நாள் பூரா நாம நெய்யற தறிக்குழியவே சுத்திகினு கீது. பாக்க முடியலீங்க."

"இங்க மனுசனுக்கே வரிசையில நிக்கணும்."

"கேட்டா இன்னா, அடிக்கவா போறாங்க?"



"சரி. எனக்கு இன்னும் பத்து நாளு வெக்கணும். அதுல அஞ்ச ராஜாவுக்குக் குடுத்துடுங்கன்னு கேக்கறேன்."

மைக்கோட்டில் உரசிய சட்டைக் காலரை அவள் மெல்ல ஒதுக்கிவிட்டாள்.

"உங்களுது பத்தும் உங்களுக்கே வெக்கட்டும். ராஜாவுக்குத் தனியா கேளுங்க."