பிஸ்கெட்டின் இடது கால்

— நல்லாப் பாரும்மா அஸ்மத்! நாலு காலையும் ஊணி எப்படி நடக்குது பாரு, உன் பிஸ்கெட்டு!

— நடக்குதுங்க டாக்டரண்ணா.

— ஏம்மா, கரண்டு போன வீடாட்டம் மொகத்தை வச்சிக்கிட்டுச் சொல்ற? இது நான் பண்ண மொத எலும்பு ஆபரேஷன்மா! இந்தச் சென்றாயன் டாக்டருன்னா குடல்புழு மருந்து, சினை ஊசி, அவ்வளவுதான்னு ஓசூரே நெனச்சிட்டிருந்துச்சு. அதுக்காகவே பெங்களூருக்கு பஸ் ஏறி ஏறிக் கத்துக்கிட்டு வந்தேன்.

— தெரியுங்ண்ணா. வெளியில போர்டுலகூட ‘எலும்பு அறுவை சிகிச்சை’ன்னு புதுசா எழுதியிருக்கீங்களே.

— அந்தப் பெயிண்டு காயறதுக்குள்ள வந்தவ நீதான். மொபெட்டு ஏறினதுல ஒடிஞ்ச இடது முன்னங்காலு தொங்கத் தொங்க, தள்ளுவண்டியில படுக்க வச்சு நீயே தள்ளிட்டு வந்த.

— அழுதுக்கிட்டே வந்தேன்.

— எக்ஸ்ரே எடுக்க, மனுசங்களுக்கு எடுக்கற எடத்துக்குத் தூக்கிட்டு ஓடினோம். கவர்ல என்னா எழுதினாங்க? ‘பிஸ்கெட்டு, வயது ஒன்று, ஆண்.’

— ‘தகப்பன் பேரு என்ன’ன்னு வேற கேட்டாங்களே!

— ஆங், சிரிச்சிட்ட! உள்ள கம்பி போட்டேன், கூடினதும் போன மாசம் கம்பியை எடுத்தேன். இன்னிக்கு ஓடுது. வேற என்னா வேணும் உனக்கு?

— ஒரு உதவிங்கண்ணா. கொஞ்சம் நொண்ட வச்சு அனுப்புங்க.

— என்னாது?

— ரொம்ப வேணாங்க. பாக்கறவங்க கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதும்.

— நான் மாடு முட்டின கதையெல்லாம் கேட்டிருக்கேன், இந்த மாதிரி ஒண்ணைக் கேட்டதில்ல. ஏம்மா?

— பக்ரீத் வருதுங்க. குர்பானிக்கு அறுக்கறதுக்குன்னே வாங்கி வளத்த ஆடு. கால் ஒடிஞ்ச அன்னிக்கு எங்க வீட்டுக்காரரு, ‘நொண்டி ஆடு குர்பானிக்கு ஆவாது, வேற பாத்துக்கலாம்’ன்னாரு. வெளியில அழுதேன், மனசுக்குள்ள அல்லாவுக்கு நன்றி சொன்னேன். இப்ப நீங்க நல்லாக்கிட்டீங்க.

— பின்ன என்னாத்துக்கு என்கிட்ட தூக்கிட்டு வந்த?

— வலியில கத்துச்சேண்ணா, பாத்துக்கிட்டு இருக்கறதா? இவ்வளவு நல்லா ஒட்ட வைப்பீங்கன்னு யாரு கண்டா!

— அது சரி! ஊர்ல காலு ஒடிஞ்சா கறிக்கடை. உங்க வீட்ல காலு கூடினா கறி. பாய்கிட்ட வாயைத் தொறந்து சொல்லேம்மா. வேற ஆடு வாங்கட்டும், இல்ல கூட்டுக் குர்பானியில ஒரு பங்கு சேந்துக்கட்டும்.

— எப்படிண்ணா சொல்றது? ‘பேரு வைக்காத, பாசம் வைக்காத’ன்னு வாங்கின அன்னிக்கே சொல்லிட்டாரு. நான் பேரும் வச்சேன், எல்லாம் வச்சேன். காலையில டீ குடிக்கறப்ப வந்து மடியில தலைய வச்சிக்கும். பாதி பிஸ்கெட்டு எனக்கு, பாதி அதுக்கு. ஆண்டவனுக்குக் குடுக்கறதுல மனசு சுருங்கிப் போச்சா உனக்குன்னு கேட்டுட்டாருன்னா? அதாங்க பயம்.

— கேளும்மா. நாளைக்கு உத்தனப்பள்ளி கங்கப்பன் பால் சொசைட்டி ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றாரு, இந்த ஆடு நடக்கறதைப் பாக்கறதுக்குன்னே. இது நொண்டிச்சுன்னா, ‘டாக்டரே, உமக்கு ஊசி போதும்’னு தமிழ்ல ஒரு தடவ, தெலுங்குல ஒரு தடவ, கன்னடத்துல ஒரு தடவ சொல்லிட்டுப் போவாரு. அப்பறம் இந்தப் பக்கம் எந்தக் கன்னுக்குட்டி காலு ஒடிஞ்சாலும் யாரு என்கிட்ட கொண்டாருவா? போர்டை நானே அழிச்சிக்கணும்.

— ஐயோ, அதை நான் யோசிக்கலியே...

— இரு, இரு! இப்ப ஏன் நொண்டுது? இப்பத்தான நல்லா நடந்துச்சு? இடது காலைத் தூக்குதே! வீக்கம் இல்ல, சூடு இல்ல, அமுக்கினா கத்தவும் இல்ல... அஸ்மத், கையில என்னா?

— ஒண்ணும் இல்லீங்க.

— கையைத் தொற.

— பிஸ்கெட்டுங்க.

— பிஸ்கெட்டுக்கே பிஸ்கெட்டா!

— மன்னிச்சுக்குங்கண்ணா. அவரு வேலைக்குப் போனதும் பழக்கினேன். இடது காலைத் தூக்கினா பாதி, தூக்கிக்கிட்டே நடந்தா முழுசு.

— என் பொழப்புல மண்ணைப் போட ஆட்டுக்கு டிரெய்னிங்கு! கோவப்படலாம்னா சிரிப்பு வருது, என்னா பண்றது.

— நாளைக்குக் கங்கப்பன் முன்னால நொண்டாதுங்க, நான் வெறுங்கையா நிக்கறேன். எங்க வீட்டுக்காரருகிட்ட மட்டும் நொண்டின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.

— மொதமொதல்ல கூட்டின எலும்பைக் கூடலைன்னு சொல்லச் சொல்றியே! என் வாயில வராதும்மா.

— உஸ்ஸ்! அவரே வர்றாரு!

— சலாம் டாக்டர் சார். ஃபர்ஸ்ட் ஷிஃப்டு முடிச்சு ஃபேக்டரியில இருந்து நேரா வர்றேன். நீ அப்பவே வந்துட்டியா அஸ்மத்? என்னா சார் சொல்றாரு நம்மாளு?

— வாங்க லால் பாஷா பாய். காலு சுத்தமாக் கூடிடுச்சு. ஒரு குறையும் இல்ல.

— ஓ... நூறு பர்சென்ட்டா சார்?

— நூறு பர்சென்ட்டு.

— எனக்கு என்னமோ டவுட்டாவே இருக்குது சார். வீட்ல நான் தழை போடறப்ப நொண்டற மாதிரி... தோ, தோ பாருங்க, நொண்டுது! ரிஜெக்ட் பீஸுதான் சார் இது! நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா, நான் கூட்டுல பங்கு சேந்துக்கறேன். கூட்டுக்கு ஆள் சேக்கற ஜமீர் அகமதுகிட்ட சொல்லியே வச்சிட்டேன்.

— டாக்டரண்ணா, என் கையில ஒண்ணும் இல்லீங்க! சத்தியமா!

— தெரியுதும்மா. பாய், கொஞ்சம் கிட்ட வாங்க. நான் ஆபரேஷன் பண்ணது இடது காலு. இது தூக்கிட்டு நிக்கறது வலது காலு. அதுல ஒரு கீறல்கூடக் கிடையாது.

— வலதா?

— வலதுதான். உங்க சட்டைப்பையில என்னா, பாய்?

— கேன்டீன் பிஸ்கெட்டு சார்... ஏய், அப்படிப் பாக்காத அஸ்மத். பாசம் வைக்காதன்னு சொன்ன அதே வாயால உன்கிட்ட எப்படிச் சொல்வேன்? நீ தண்ணி பிடிக்கப் போறப்பல்லாம் எதிர்ல உக்காந்து, ‘இடது காலு, இடது காலு’ன்னு தட்டித் தட்டித்தான் பழக்கினேன். எதிர்ல உக்காந்தா என் இடது அதுக்கு வலதுன்னு எனக்குத் தோணவே இல்லியே!