மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை

"எம் புள்ளைக்குச் சொறின்னு சொல்லிப் பொண்ணு தர மாட்டேன்னுட்டாங்க" என்று முன் சீட்டு அம்மா சொன்னதும் நான் போனை அணைத்துவிட்டேன். மரக்காணம் பேருந்து உப்பளங்களை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க்கா, நல்லாத்தானே இருக்கான்?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"அவன் மீன்புடி போட்டுக்கு ஃபைபர் ஒட்டுறவன்ல? கண்ணாடி நார்ப் பாய விரிச்சு, கையாலயே ரெசின் பசை தடவுற வேலை. அந்தத் தூசு பட்டா அரிக்கும். நான் ஒருத்தி, பொண்ணு பாக்கப் போட்டுட்டுப் போற வெள்ளைச் சட்டைய அவன் வேலைத் துணியோட சேத்து மெஷின்ல போட்டுட்டேன். பொண்ணு வீட்டுல காபி குடிக்கிறதுக்குள்ள கழுத்து, முதுகுன்னு சொறியுறான். பொண்ணு அவனையே பாத்துட்டு இருக்குது."

"எடுத்துச் சொல்லலாம்ல?"

"சொன்னேன், நம்பல. வாசல்லயே பொண்ணோட அப்பா இவன கட்டிப்புடிச்சிருந்தாரு. சாயங்காலம் அவருக்கும் அரிச்சிருக்குது. ஒட்டிக்கிற நோய்னு முடிவே பண்ணிட்டாங்க."

"அப்புறம்?"

"அவர வானூர்ல டாக்டரு லென்ஸ் வெச்சுப் பாத்துட்டு, 'நோயெல்லாம் இல்லீங்க, கண்ணாடித் தூசு'ன்னு சொல்லிட்டாரு. நேத்து பொண்ணோட அப்பாவே போன் பண்ணாரு. பொண்ணுக்குப் புடிச்சிருக்குதாம், கல்யாணத்த வெச்சுக்கலாமாம். ஆனா முகூர்த்தச் சட்டைய அவங்களே துவைச்சு எடுத்துட்டு வருவாங்களாம்."

அந்த அம்மா சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பக்கத்தில் இருந்தவள் தன் முழங்கையை ஒரு முறை தடவிப் பார்த்தாள். பிறகு மெல்ல ஜன்னல் பக்கம் நகர்ந்தாள்.

"அக்கா, இந்தப் புடவைய எந்த மெஷின்ல போட்டீங்க?"