நாலு கதவுக்கும் ஷீட்

காரோடு வருகிற ஸ்பீக்கரை நான் குறை சொல்ல மாட்டேன், இன்ஸ்பெக்டர் ஐயா. செய்தி கேட்க அது போதும். பாட்டுக்குத்தான் போதாது, தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து யாரோ பாடுகிற மாதிரி இருக்கும்.

கருமத்தம்பட்டியில் எனக்குப் பதினாறு தறி. அதில் வாங்க முடிந்தது அந்தக் காரின் அடி மாடல். மகள் அக்ஷயாவுக்கு வரன் பார்க்கிற நேரம். வருகிறவர்கள் முதலில் காரைப் பார்ப்பார்கள், பெண்ணை அதற்கப்புறம்தான். மாடலை மாற்ற வசதியில்லை, சத்தத்தையாவது மாற்றலாம் என்று உக்கடத்தில் கார் செட் மாட்டுகிற அமீர் ஹம்சாவிடம் போனேன்.

நாணயமான மனிதர். "செட்டை மாத்தாதீங்கண்ணா, அது பாட்டுக்கு இருக்கட்டும். முன்கதவு ரெண்டுக்கும் நல்ல ஸ்பீக்கர், சத்தத்தக் கூட்டப் பழைய ஆம்ப் ஒண்ணு, கதவுக்குள்ள டேம்பிங் ஷீட். தகரம் அதிராம இருந்தாலே பாதி வேலை முடிஞ்சுது" என்றார். ரப்பர் போலக் கறுப்பாக இருந்த ஷீட்டைக் கதவின் உள்தகரத்தில் ஒட்டி, உருளை வைத்துத் தேய்த்தார். பிறகு கதவைச் சாத்தினால் பெரிய மனிதர்களின் கார்க் கதவு போலச் சாத்திக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று அப்பாவையும் கூட்டிப் போயிருந்தேன். பெயர் அப்புசாமி, வயது எண்பத்தொன்று, ஞாபகம் போய் இரண்டு வருஷம். ஆளைக் கண்டால் போதும், அது நானாகவே இருந்தாலும், "ஏனுங்க, சோறு தின்னு நாலு நாளாச்சுங்க. இந்த ஊட்டுல போடுவாங்களா?" என்பார். மரியாதையை மட்டும் மறக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவின ஈரத்தோடும் கேட்பார். தறிச் சத்தத்தோடு போட்டி போட்டு வளர்ந்த குரல், மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

தாராபுரத்திலிருந்து முதல் வரன் வந்தபோது, அப்பா மாப்பிள்ளையின் அத்தை கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் கேட்டார். அந்த அம்மாள் தன் தட்டிலிருந்த மைசூர்பாகை எடுத்துக் கொடுத்தார். அப்பா அதைத் தின்ற வேகத்தைப் பார்த்தால் நானே நம்பிவிடுவேன். எங்கள் பக்கத்தில் எதையும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். "போய்ட்டு வாரோமுங்க" என்று கும்பிட்டுப் போனவர்கள், அப்புறம் போனை எடுக்கவில்லை. பெற்ற அப்பனுக்குச் சோறு போடாத வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்.

"தாத்தா என்னங்கப்பா பண்ணுவாரு, உடுங்க" என்றாள் அக்ஷயா. அவளுக்கு இருபத்தெட்டு நடக்கிறது. அவள் விட்டுவிடலாம், நான் எப்படி விடுவது.

உக்கடத்திலிருந்து திரும்பும்போது ஓர் அதிசயம் நடந்தது. புது ஸ்பீக்கரில் கும்மிப் பாட்டு ஓட, பின்சீட்டில் அப்பா அவினாசி ரோடு முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டே வந்தார். எந்த மாத்திரையும் செய்யாத வேலை.

மறுவாரம் தனியாகப் போய்ப் பின்கதவுகளுக்கும் ஷீட் ஒட்டச் சொன்னேன்.

"பின்னாடி ஸ்பீக்கரே மாத்தலீங்களேண்ணா, அங்க எதுக்கு ஷீட்டு?"

"சத்தம் வெளிய வரக்கூடாதுங்க."

"பாட்டுச் சத்தமா?"

"எந்தச் சத்தமும்ங்க."

சிரித்துக்கொண்டே ஒட்டினார். எஞ்சினை நிறுத்திவிட்டு நெடுநேரம் பாட்டுப் போட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்றும் சொன்னார். அவர் பேரில் தப்பில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த வரனாகக் கொடுமுடிக்காரர்கள் வந்தது சித்திரை ஞாயிறு, பத்தரைக்கு. காரைக் காட்டத்தான் இத்தனையும் செய்தேன். அன்றைக்கோ அதை வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கொட்டகைக்குள் ஒளித்துவைக்க வேண்டியிருந்தது. அப்பாவுக்கு வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, தண்ணீர் பாட்டிலோடு பின்சீட்டில் உட்காரவைத்தேன். குழந்தைகள் திறந்துவிடாமலிருக்கப் பின்கதவில் ஒரு பூட்டு உண்டு, அதைப் போட்டேன். ஏசிக்கு எஞ்சின் ஓட வேண்டும். ஆளில்லாத கார் ஏன் உறுமுகிறது என்று வந்தவர்கள் கேட்பார்கள். அதனால் பாட்டையும் விசிறிக் காற்றையும் மட்டும் விட்டுவைத்து, கண்ணாடிகளை ஏற்றினேன். கண்ணாடியை இறக்கிவைப்பதாக இருந்தால் நாலு கதவுக்கும் ஷீட் எதற்கு.

அரை மணி நேரம்தான் என் கணக்கு. ஆனால் அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டால் எங்கள் ஆட்கள் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள்.

"அப்பாரு இல்லீங்களா?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

"தொண்டாமுத்தூர்ல தங்கச்சி ஊட்டுக்குப் போயிருக்காருங்க. அங்க காத்து நல்லாருக்குதுங்க."

"குடுத்து வச்சவருங்க."

பன்னிரண்டே கால் இருக்கும். கூடத்துச் சன்னல் வழியே கொட்டகை தெரியும். செட்டின் நீல வெளிச்சம் அணைந்திருந்தது. பின்கண்ணாடியில் அப்பாவின் இரண்டு உள்ளங்கைகளும் இருந்தன. வாய் அசைந்துகொண்டிருந்தது. இம்மிச் சத்தம் வரவில்லை. அமீர் ஹம்சா தொழிலில் கெட்டிக்காரர்.

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத் தட்டை எடுத்தார்கள். அதை வாங்க இரண்டு கையும் வேண்டும்.

அவர்களை வழியனுப்பிவிட்டு ஒன்றரை மணிக்குப் போய் நான்தான் கார்க் கதவைத் திறந்தேன். பின்னாலேயே அக்ஷயா பட்டுச்சேலையோடு வந்து நின்றாள். அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. கல்யாணமும் வேண்டாம் என்று அவளே கொடுமுடிக்குச் சொல்லி அனுப்பிவிட்டாளாம்.

கைகளைப் பார்த்த பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டீர்கள். மறைக்க ஒன்றுமில்லை. எழுந்து போய்ச் சன்னல் திரையை இழுத்துவிட்டேன். சம்பந்தி முகத்தில் வெயில் அடித்தது, அதனால். உச்சிப் பொழுதில் அந்தச் சன்னலில் வெயிலே விழாது என்று என் மனைவி சொன்னாளாமே. அவள் அடுப்படியில் இருந்தவள், ஐயா. அவளுக்கென்ன தெரியும்.