காதுக்குள் சொன்னவன்

ஒரு கோப்பைத் தேநீருக்கு நான்கு கரண்டி சீனி போட்டுக் குடிக்கிற வெள்ளைக்காரரை ஒரியோலுக்கு முன் நான் கண்டதில்லை. நீரிழிவு வராதா என்று கேட்டால், "அது வேலையில்லாத நடிகர்களுக்குத்தான் வரும்" என்பார். அப்படியொரு கலகலப்பான மனிதர்.

நடந்ததைத் தமிழிலேயே எழுதித் தரலாம் என்று நீங்கள் சொன்னது பெரிய உபகாரம், கஜனி பிள்ளை. பொலிஸில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருப்பது எங்களுக்கெல்லாம் பெருமை. ஆங்கிலத்தில் எழுதினால் நான் செய்தது ஏதோ குற்றம் போலத் தெரியும்.

ஒரியோல் ரிபேயை உங்களுக்குத் தெரிந்திருக்காது. பார்சலோனாவில் முப்பது வருடம் மேடையை ஆண்டவர். படங்களிலும் பெயர் எடுத்தவர். மகள் மெர்சே ரொறன்ரோவில் கல்யாணம் கட்டிக்கொண்டதால் பின்னாலேயே வந்துவிட்டார். இங்கே தொலைக்காட்சித் தொடர்களில் அவருக்குக் கிடைத்தது மெக்சிக்கோ கடத்தல்காரன், இத்தாலிய முடிவெட்டுபவர், கிரேக்கத் தாத்தா, ஒருமுறை பாப்பரசர். எல்லாரையும் ஒரே மீசையோடு சமாளித்தார். பாப்பரசருக்கு மட்டும் வேறு வழியில்லாமல் எடுத்தார். யாராவது 'ஸ்பானியரா?' என்று கேட்டால் 'கத்தலான்' என்று உடனே திருத்துவார்; அவர்களுக்கு அது தனி இனம், தனி மொழி. எங்களை 'ஸ்ரீலங்கனா?' என்று கேட்டால் நாங்கள் திருத்துவோமே, அதே வேகம். அதனால்தான் முதல் நாளே எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது.

நான் அவர் நடித்த நாடகக் கொட்டகையில் நடிகர்களுக்கு உடுப்பு மாற்றிவிடுகிறவன். மன்னாரில் இருந்தபோது, கோயில் திருநாள் நாடகங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவனாக இருந்தேன். திரைக்குப் பின்னால் கொப்பியோடு நின்று ஒவ்வொரு வரியையும் நான் முதலில் சொல்ல, நடிகர் அதைப் பிடித்து முழங்குவார். ராசா வேடம் போட்டவருக்கு எழுத்தே தெரியாது. ஊர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தது. என்னை ஒருவரும் தூக்கவில்லை. பரவாயில்லை, அவர் என் வாயால்தான் பேசினார் என்று எனக்குத் தெரியும். கனடாவில் எல்லாரும் வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அது எனக்கு என்னவோ மரியாதைக் குறைவாகவே பட்டது.

போன வசந்தத்தில் ஒரியோலுக்கு ஒரு தனியாள் நாடகம் வந்தது. வெளிச்சவீட்டுக் காவலாளி வேடம். ஒன்றரை மணி நேரமும் அவர் மட்டுமே பேச வேண்டும். ஒத்திகையில் ஒரே ஒரு வரி தடுக்கியது. அவருக்கு மாற்றவேண்டிய சேர்ட்டோடு ஓரத்தில் நின்ற நான், பழக்க தோஷத்தில், சொல்லிவிட்டேன். அவர் எல்லாருக்கும் முன்னால் வந்து என் கையைப் பிடித்தார்.

"எங்கள் ஊரிலும் மேடைக்கு முன்னால் ஒரு பெட்டிக்குள் இப்படி ஒருவர் இருப்பார், பஸ்ரியன். அவர் செத்தபோது, என் அப்பாவுக்கு அழுததைவிடக் கூடுதலாக அழுதேன்" என்றார். இருபத்தாறு வருடக் கனடாவில் எனக்கு யாரும் அப்படி ஒன்றும் சொன்னதில்லை. கண் கலங்கிவிட்டது.

பிறகு மூன்று கிழமை மனிதர் ஒரு சொல்கூட மறக்கவில்லை. எழுபத்தொரு வயதில் முழு நாடகமும் தண்ணீர் பட்ட பாடு. நான் சேர்ட்டோடு நின்றதுதான் மிச்சம்.

என் மனைவி பேர்ணடெற் ஏப்ரல் மாதத் தும்மலுக்கு ஒரு குளிசை போடுவாள். போட்டால், கார்த் திறப்பை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுவாள். மருந்துக்கடையில் வேலை செய்யும் அவள் தம்பி மரியோ, "அத்தான், உதை வயசான ஆக்களுக்குக் குடுத்துப்போடாதேங்கோ. மூளை குழம்பிப்போடும்" என்று சொல்லியிருந்தான். அதை நான் மறக்கவில்லை. எனக்கு ஞாபகசக்தி நல்லது.

நான் போட்டுக்கொடுக்கிற தேநீரின் நான்கு கரண்டிச் சீனிக்குள் ஒரு குளிசையின் கசப்புத் தெரியாது. முதலில் ஒன்றுதான். நான் கவனமான ஆள்.

அந்தக் கிழமையே ஆறு இடத்தில் நின்றுபோனார். இயக்குநர் பயந்துபோய் அவர் காதுக்குள் ஒரு சின்னக் கருவியை வைத்தார். அதன் மறுமுனையில் என்னை வைத்தார். நிகழ்ச்சித் தாளில் என் பெயர் அச்சானது. 'அவருடைய மௌனங்களில் ஒரு முழு வாழ்க்கை தெரிகிறது' என்று பத்திரிகையில் எழுதினார்கள். அந்த மௌனங்களெல்லாம் நான் பக்கம் புரட்டிய நேரம். நாடகம் நன்றாக ஓடியது, இலையுதிர்காலம் வரை நீட்டினார்கள்.

இடையில் மெர்சே அவரை வைத்தியரிடம் கூட்டிப்போனார். மறதியைச் சோதிக்க ஒரு மணிக்கூட்டுப் படம் கீறச் சொன்னார்களாம். இவர் எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் குவித்து வைத்தாராம். அன்று உடுப்பறையில் இருந்து அழுதார். "நான் போய்க்கொண்டிருக்கிறேன், பஸ்ரியன்" என்றார். முதுகைத் தடவி, "நான் இருக்கிறேன்தானே" என்றேன். அது நான் மனதாரச் சொன்னது.

பேர்ணடெற்றுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. "அந்த மனுசன் எல்லாத்தையும் மறந்துபோறார் எண்டு சொல்லுறியள். பிறகேன் விசிலடிச்சுக்கொண்டு சேர்ட் அயர்ன் பண்ணுறியள்?" என்று கேட்டாள். அவளுக்கு மேடை விஷயம் விளங்காது.

ஒக்டோபரில் பார்சலோனாவிலிருந்து ஒரு படத்துக்குக் கேட்டார்கள். தலைமை வேடம், இருபது வருடத்துக்குப் பிறகு அவருடைய சொந்த மொழியில். மனிதர் ஒரு கிழமை தரையில் நடக்கவில்லை. மறதியையும் மீறிப் போய்வரலாம் என்று நினைத்தார். நான்தான் நிதானமாக யோசித்தேன். எனக்குக் கத்தலான் தெரியாது. அங்கே அவர் காதுக்குள் யார் இருப்பார்? இந்த வயதில் தனியே போய் அவமானப்பட விடலாமா? அதனால் மூன்று குளிசையாக்கினேன். வரமுடியாது என்று அவரே மின்னஞ்சல் எழுதினார். அனுப்புகிற பொத்தானைக் காணாமல் தடுமாறியபோது காட்டிக்கொடுத்தது மட்டும்தான் நான்.

அடுத்த ஞாயிறு பகல் காட்சியில் அவர் மேடைப் படியை மறந்தார். படிக்கு வசனம் கிடையாது, நான் என்னத்தைச் சொல்ல? இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தார்கள், நீங்கள் வந்தீர்கள்.

ஆம், நான்தான் கொடுத்தேன். மே மாதம் தொடங்கி, நாடகம் நடந்த ஒவ்வொரு நாளும். அவர் இனி மேடையில் எழுந்து நிற்க மாட்டார் என்று நீங்கள் சொன்னபோது துக்கமாகத்தான் இருந்தது. குளிசை நின்ற மூன்று கிழமையில் முழு நாடகத்தையும் தாதிக்கு ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தார் என்றீர்களே, அதுதான் அதைவிடப் பெரிய துக்கம்.

கொடுத்தது நான் என்று அவருக்கு இன்னும் தெரியாதாம். நாளை நீங்களும் மெர்சேயும் போய்ச் சொல்லப்போகிறீர்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள், பிள்ளை. கேட்டதும் அவருக்கு வாயடைத்துப்போகும். அவரை எனக்குத் தெரியும். கட்டிலைச் சுற்றித் திரை இருக்கும்தானே, நான் அதற்குப் பின்னால் நின்றால் போதும். அவர் என்னை மன்னிக்கிற வசனத்தை எழுதி வைத்திருக்கிறேன். மெதுவாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.