எத்தனை என்று மட்டும் சொல்லச் சொன்னார்கள்

வணக்கம்.

மேடையில் இருப்பவர்களை வரிசையாகப் பேர் சொல்லி, ஒவ்வொரு பேருக்கும் முன்னால் ஒரு 'மதிப்பிற்குரிய' போட்டு வணங்குவதுதான் முறை. அந்த முறை எனக்கும் தெரியும். எத்தனையோ கூட்டத்தில் செய்திருக்கிறேன். இன்றைக்கு என் வாயில் அது வரமாட்டேன் என்கிறது. ஆகவே, தலைமை தாங்கும் ஆஸ்பத்திரித் தலைவர் டாக்டர் சிவசங்கரன் அவர்களுக்கு ஒரு வணக்கம். நாற்காலி கிடைக்காமல் வராண்டா வரைக்கும் நிற்கிற என் நர்ஸ்களுக்கும், வார்டு ஊழியர்களுக்கும், வாடிப்பட்டிப் பக்கமிருந்து ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருக்கும் தாய்மார்களுக்கும் என் ஆயிரம் வணக்கம்.

என் பேர் செல்லத்தாய். இந்த ஆஸ்பத்திரியின் நர்ஸிங் சூப்பிரண்டு. நாம் எல்லாரும் கூடியிருப்பது டாக்டர் பாகீரதி அம்மையாருக்கு அஞ்சலி செலுத்த. இங்கே மருத்துவப் புள்ளிவிவரப் பிரிவு என்று ஒன்றை உண்டாக்கி, அதைத் தன் பிள்ளை மாதிரி வளர்த்தவர். போன மாதம் முன்பின் தெரியாத ஊரில், ஒரு மருந்துக் கிடங்கில், உட்கார்ந்த நாற்காலியிலேயே நெஞ்சு அடைத்துப் போய்ச் சேர்ந்தார். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் காலன் கவர்ந்து சென்றான் என்றார்கள். காலன் மேல் பழியைப் போடுவது ரொம்ப வசதி. அவன் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப மாட்டான்.

பாகீரதி அம்மாவை அந்தக் கிடங்குக்கு அனுப்பியது காலனா? கையெழுத்துப் போட்டது காலனா?

அம்மாவின் அன்பைப் பற்றிப் பேசினார்கள், அடக்கத்தைப் பற்றிப் பேசினார்கள். அவர் என்ன வேலை செய்தார் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்வதற்கு? நான் சொல்கிறேன்.

ஒரு நோயாளி வருகிறார். நாம் கேஸ் ஷீட் எழுதுகிறோம். காய்ச்சல் எவ்வளவு, நாடி எவ்வளவு, என்ன மருந்து கொடுத்தோம், எல்லாம் எழுதுகிறோம். அவர் பிழைத்து வீட்டுக்குப் போனாலும் சரி, பிணமாகப் போனாலும் சரி, அந்தத் தாள் மூட்டையாகக் கட்டப்பட்டுப் பரணுக்குப் போகும். அதற்கப்புறம் அதைப் படிப்பது கரையான் மட்டும்தான். அம்மா இங்கே வேலைக்கு வந்த புதிதில் அந்தப் பரணைப் பார்த்துவிட்டு என்னிடம், "இத்தனை பேர் பட்ட கஷ்டத்தை எழுதி வச்சிருக்கோமே செல்லத்தாய், யாராவது ஒருநாள் படிச்சுப் பார்த்திருக்கோமா?" என்று கேட்டார்.

அவர் ஆளுக்கு ஒரு அட்டை போட்டார். அட்டையின் நாலு ஓரத்திலும் துளைகள். ஒவ்வொரு வயதுக்கும் ஒரு துளை, ஒவ்வொரு நோய்க்கும் ஒன்று, ஒவ்வொரு ஊருக்கும் ஒன்று, இப்படி. நோயாளிக்குப் பொருந்துகிற துளையை மட்டும் ஓரம் வரைக்கும் வெட்டிவிடுவார். பிறகு அட்டைகளை எல்லாம் கட்டாக அடுக்கி, ஒரு துளையில் ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியை விட்டுத் தூக்கி உலுக்குவார். வெட்டின அட்டை மட்டும் பொலபொலவென்று மேஜையில் விழும். மிச்சம் ஊசியிலேயே தொங்கும். விழுந்ததை எடுத்து வேறொரு துளையில் மறுபடி உலுக்குவார். அந்த ஊசியைச் சிம்மக்கல்லில் ஒரு கடையில் வாங்கினாராம். மதுரை வெயிலுக்கு ஸ்வெட்டர் எதுக்கும்மா என்று கடைக்காரர் சிரித்திருக்கிறார். கடைக்காரர் சிரித்தால் சரி. இந்த மேடையில் இருக்கிற பெரியவர்களும் சிரித்தார்களே! ஆளுக்கு ஊசி போடத் தெரியாமல் அட்டைக்கு ஊசி போடுகிற டாக்டர் என்று கேன்டீனில் உட்கார்ந்து கேலி பேசினார்களே! அவர்கள்தான் இன்றைக்கு மேடையின் முதல் வரிசையில் மாலையோடு இருக்கிறார்கள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் மழைக்காலம். வாந்திபேதி. குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலுக்கு மூன்று பிள்ளைகள். குளுக்கோஸ் பாட்டில் மாட்ட ஸ்டாண்டு இல்லாமல் ஜன்னல் கம்பியில் கட்டினோம். அம்மா அட்டைகளை உலுக்கினார். விழுந்த அட்டையெல்லாம் ஒரே ஊர், வாடிப்பட்டி. உடனே ஜீப் போனது. வாடிப்பட்டி ஊருக்குள் இருக்கிற கிணறு, தொட்டி எல்லாவற்றிலும் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள். பேப்பரில் போட்டோ வந்தது. பிள்ளைகள் வருவது மட்டும் நிற்கவில்லை. டாக்டர் சிவசங்கரன் அவர்கள் இந்த அட்டை விளையாட்டை மூட்டை கட்டுங்கள் என்றார்.

அம்மா கோபப்படவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அட்டை தப்பாகச் சொல்லவில்லை, நாம் எங்கேயோ தப்பாகக் கேட்டிருக்கிறோம் என்றார் அவர். மறுநாள் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அட்மிஷன் ஜன்னலில் சீட்டு எழுதுகிற நல்லகாமன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அண்ணே, இங்கேதான் இருக்கீங்க, உங்க மேல ஒரு குத்தமும் இல்லை. இருக்கிற கூட்டத்தில் நீங்கள் எந்த ஊரு என்று கேட்டீர்கள், அவர்கள் வாடிப்பட்டி என்றார்கள், நீங்கள் எழுதினீர்கள்.

ஆனால் அம்மா வந்தவர்களின் முகத்தைப் பார்த்தார். வாடிப்பட்டியில் எந்தத் தெரு என்று கேட்டால் தலை குனிந்துவிடும். ஏன்? அவர்கள் வாடிப்பட்டிக்காரர்கள் இல்லை. சுற்றிலும் வயல் வேலை செய்கிற காலனி ஜனங்கள். காலனிப் பேரைச் சொன்னால் சாதி தெரிந்துபோகும். சாதி தெரிந்தால் படுக்கிற இடம் மாறும், பேசுகிற பேச்சு மாறும், தள்ளி நில்லு என்று ஒரு அதட்டல் வரும். அதற்குப் பயந்து, பஸ் ஏறின ஊரைத் தங்கள் ஊராகச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று யாராவது சொல்வீர்களா? உண்மையைச் சொல்ல முடியாதபடி அந்த ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தது யார்? நாம்தானே!

அம்மா அந்தக் கேள்வியையே தூக்கிப் போட்டார். ஊர் வேண்டாம், குடிக்கிற தண்ணி எங்கே எடுக்கிறீர்கள் என்று கேட்கச் சொன்னார். அன்றைக்குத் தோளில் பெண்பிள்ளையோடு வந்து நின்றவர் ஒச்சாயி. அதோ, வாசல் பக்கம் நிற்கிறார். ஊரைக் கேட்டபோது வாயே திறக்காத ஒச்சாயி இதற்குப் பட்டென்று பதில் சொன்னார்: "பண்ணைக் கெணத்துல எங்களைத் தொட விடமாட்டாகம்மா. அம்புட்டுப் பேருக்கும் வாய்க்காத் தண்ணிதான்." அந்தப் பிள்ளை அன்றைக்குச் சாயங்காலம் என் கையில்தான் செத்தது.

தண்ணீர் எடுக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு துளை போட்டார் அம்மா. வந்தவர்கள் எல்லாரிடமும், வார்டில் கிடந்தவர்களிடமும் திரும்பக் கேட்டோம். ஊசியை விட்டு உலுக்கியபோது பக்கத்தில் நான் இருந்தேன். வெவ்வேறு காலனி, வெவ்வேறு வயசு. எல்லா அட்டையும் ஒரே வாய்க்காலின் துளையில் விழுந்தது. அம்மா அன்றைக்கே பஸ் பிடித்துப் போனார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பு வரப்பாக அந்த வாய்க்காலின் மேல்பக்கம் நடந்தார். கடைத்தெரு ஓரம் புதிதாகக் கட்டின பொதுக் கழிப்பிடம். கல்வெட்டு வைத்து, ரிப்பன் வெட்டித் திறந்த கழிப்பிடம். அதன் சாக்கடை நேராக வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது.

பரணில் கிடந்தால் அது வெறும் காகிதம். எண்ணினால் அது கணக்கு. சரியான கேள்வி கேட்டு, பதிலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது அறிவு. அந்த அறிவு வந்த பிறகு ஒரு பிள்ளை செத்தாலும் அது நோயால் வந்த சாவு இல்லை. அதற்கு ஆள் இருக்கிறது.

துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. சுருக்கமாக முடிக்கவும் என்று எழுதியிருக்கிறார்கள். முடிக்கிறேன், ஆனால் சுருக்க மாட்டேன்.

அம்மா அறிக்கை எழுதிக்கொண்டு போய்த் தலைவர் முன்னால் வைத்தார். வார்டுக்கு பாட்டில் கேட்டு நானும் அந்த அறையில்தான் நின்றேன். டாக்டர் சிவசங்கரன் அவர்கள் அதைப் படித்து முடித்துவிட்டுச் சொன்னது இது: "உங்க பிரிவு எத்தனைன்னு சொன்னாப் போதும். ஏன்னு உங்களை யாரும் கேட்கலை."

ஐயா, நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. ஒரு ஆஸ்பத்திரியின் தலைவர், ஏன் என்று கேட்காதே என்று ஒரு டாக்டரிடம் சொன்னார். ஏன் என்று கேட்காவிட்டால் நமக்கு எதற்கு டாக்டர்? பிணம் எண்ணுவதற்கு ஒரு வாட்ச்மேன் போதுமே!

அத்தோடு விட்டார்களா? வாந்திபேதிச் சாவு எவ்வளவு என்று மேலே இருந்து கேள்வி வருமாம். அதனால் நோயின் பேரை வயிற்று உபாதை என்று மாற்றி எழுதச் சொன்னார்கள். வயிற்று உபாதை! கல்யாண விருந்தில் நாலு ஜிலேபி கூடத் தின்றவருக்கு வருவது வயிற்று உபாதை. ஒச்சாயி மகளுக்கு வந்தது அதுவா? அம்மா குரலை உயர்த்தவில்லை. "பேரை மாத்திட்டா அந்த அட்டை விழாது டாக்டர். குழந்தைங்க விழுந்துட்டேதான் இருப்பாங்க" என்றார். எழுந்து வெளியே வந்தார். அந்த வாரமே மாறுதல் உத்தரவு வந்தது. புள்ளிவிவரம் படித்த டாக்டர், அந்தக் கிடங்கில் மாத்திரை டப்பா எண்ணுவதற்குப் போனார். போகும்போது என்னிடம் அழவில்லை. நான் அழுதேன், ஆத்திரத்தில் அழுதேன்.

அன்றிலிருந்து இன்று வரை அந்தச் சாக்கடை திருப்பப்படவில்லை. ஒவ்வொரு மழைக்கும் என் வார்டு நிறைகிறது. ஒவ்வொரு மழைக்கும் வயிற்று உபாதை என்று எழுதுகிறோம். இதோ ஐப்பசி வரப்போகிறது.

இன்றைக்கு என்ன அறிவித்தீர்கள்? அம்மாவின் படத்தைத் திறப்பீர்களாம். அவருடைய பிரிவு இருந்த அறையில் கம்ப்யூட்டர் வைப்பீர்களாம். அறைக்கு அவர் பேரே சூட்டுவீர்களாம். நல்லது, கம்ப்யூட்டர் வரட்டும். அம்மா இருந்தால் முதல் ஆளாகப் போய் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். ஆனால் அதற்கு என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறீர்கள்? வாடிப்பட்டி, வயிற்று உபாதை என்றுதானே? நாம் கையால் எழுதின பொய்யை அது மின்னல் வேகத்தில் அச்சடித்துத் தரும். அவ்வளவுதான்.

அந்த அறையைக் காலி செய்ய ஆளும் அனுப்பிவிட்டீர்கள். அட்டைகளைப் பழைய பேப்பருக்குப் போடச் சொல்லி உத்தரவு. சங்கதி இவ்வளவுதான்: அந்த அட்டைகள் போய்விட்டால், அந்த வாய்க்காலுக்கும் அந்தச் சாவுகளுக்கும் சம்பந்தம் உண்டு என்று சொல்ல இந்த உலகத்தில் வேறு எதுவும் இல்லை. பூட்டுக்குச் சாவி கிடைக்கவில்லை, அதனால்தான் இன்னும் போடவில்லை என்று கேள்விப்பட்டேன். சாவியைத் தேட வேண்டாம். அது என்னிடம் இருக்கிறது.

பாகீரதி அம்மா, உங்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன். நாளைக் காலையில் அந்த அறையைத் திறக்கிறோம். இந்த மழையில் வருகிற ஒவ்வொருவருக்கும் அட்டை போடுவோம். என்ன நோயோ அந்தப் பேரைத்தான் எழுதுவோம். திங்கட்கிழமை மனு வாங்குகிற நேரத்துக்கு, அட்டைக் கட்டுகளைத் தலையில் சுமந்துகொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போவோம். கலெக்டர் மேஜையில் வைத்தே ஊசியை விட்டு உலுக்குவோம். என்னை சஸ்பெண்ட் பண்ணலாம், பென்ஷனை நிறுத்தலாம். அதற்கெல்லாம் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் இந்த மைக்கைப் பிடித்தேன்.

இப்போது வழக்கப்படி எல்லாரும் எழுந்து மௌனமாக நிற்க வேண்டிய நேரம். எல்லாரும் எழுந்திருக்க வேண்டாம். நாளைக்கு என்கூட அந்த அறைக்குள் வருகிறவர்கள் மட்டும் எழுந்து நில்லுங்கள்.