பைப்பா, நூலா

வடலூரிலிருந்து டவுன்ஷிப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கறுப்புக் கண்ணாடி போட்ட இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்த நரைத்த மீசைக்காரர்தான் ஆரம்பித்தார்.

"என் கண்ணுக்குள்ள தண்ணி வடிய பைப்பு போட்டிருக்காங்க."

"கண்ணுல பிரஷருங்களா? எனக்கும் அதேதாங்க. எனக்கு உள்ள நூல் விட்டு அடைப்பத் தொறந்தாங்க. ரத்தம் கலங்கிக்கினு ஒரு வாரம் கடையே தொறக்கலைங்க. ஆனா சொட்டு மருந்து நின்னுடுச்சு."

"எனக்கு மூணாம் நாளே தெளிஞ்சிடுச்சு. மருந்துதான் இன்னும் விட்டுக்கிட்டிருக்கேன்."

"அப்ப எதுங்க தேவலாம்?"

"எதுவானா என்ன, தண்ணி வடிஞ்சா சரி. மைன்ஸ்ல சர்வீஸ் பூரா பம்ப்தான் பார்த்தேன். தண்ணிய எறைக்காம விட்டா சுரங்கமே முழுகிடும். அப்படிப்பட்டவனுக்குத் தன் கண்ணுல தேங்குனது தெரியல. தட்டுல இடது பக்கம் வச்ச பொரியல் தினம் அப்படியே கெடக்குதேன்னு என் மருமகதான் கண்டுபிடிச்சா. அவ நல்லா இருக்கணும்."

"இப்ப அந்தப் பக்கம் தெரியுதுங்களா?"

"போன பார்வை எந்த ஆபரேஷன்லயும் வராதாம் தம்பி."

நிறுத்தம் வந்தது. மீசைக்காரர் கம்பியைப் பிடித்து எழுந்தார்.

"இப்பல்லாம் பொரியல வலது பக்கம் வைக்கிறா."